எலி மருந்தா, தஞ்சாவூர் கிட்டியா?

சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் எங்கள் டெல்டாவில் எல்லோரும் கேட்கிற கேள்வி இது, வயல் எலிக்கு மருந்து வைப்பதா, கிட்டி என்கிற மூங்கில் பொறி வைப்பதா என்று. எலி மருந்து சுலபம், கடையில் வாங்கி வரப்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் துத்தநாக பாஸ்பைடு என்கிற மருந்தைக் கொஞ்சமாகத் தின்று தப்பிய எலி அடுத்த முறை அதைத் தொடாது. புரோமடையலோன் என்கிற மருந்து வேறு மாதிரி, அது எலியின் ஈரலிலேயே தங்கி, அந்த எலியைத் தின்னும் கூகையையும் கொல்லும், இரவெல்லாம் நமக்காக எலி பிடிக்கிற பறவை அது.

மூங்கிலை வளைத்துச் செய்யும் கிட்டிக்கு ஆள் வேண்டும், கூலி வேண்டும், சாயங்காலம் வைத்துக் காலையில் எடுக்க வேண்டும். சரி, அந்தச் செலவுக்கு என்ன கிடைக்கிறது? கைதேர்ந்தவர் புதுமண் குவிந்த வளையாகப் பார்த்து வைப்பார், அது பெரும்பாலும் வரப்பெலி. மருந்துக்கு அந்தக் கண் கிடையாது, வயல் சுண்டெலி, வெள்ளெலி என்று எது தின்றாலும் சாகும்.

எலி என்றாலே பகை என்கிறோம். சேலம் குரும்பப்பட்டிப் பக்கம் மட்டுமே பதிவான எல்வீரா எலி அழிவின் விளிம்பில் இருக்கிறது, அது நம் நெல்லுக்கு வந்ததே இல்லை.

என் தேர்வு கிட்டிதான், கூடவே வயலில் கூகை உட்கார நாலு குச்சி.