ஸ்கோர் முறை: மாதவரம் கிடங்கில் பயன்படுத்திய அனுபவம்

விநியோகச் சங்கிலியை மற்றவர்களோடு ஒப்பிட நினைப்பவர்கள் அவசரப்பட்டு சாஃப்ட்வேர் வாங்காதீர்கள். எதை அளப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு ஸ்கோர் (SCOR) போல நல்ல முறை நான் பார்த்ததில்லை; விநியோகச் சங்கிலியில் என்னென்ன வேலைகள், அவற்றை எப்படி அளப்பது என்று வரையறுத்துத் தரும் பொது முறை அது. 1996-ல் உருவானது, 2022-ல் வந்த டிஜிட்டல் பதிப்பை ஏஎஸ்சிஎம் (ASCM) என்ற விநியோகச் சங்கிலி மேலாண்மைச் சங்கத்தின் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'பிழையற்ற ஆர்டர்' கணக்கு. சரக்கு முழுதாக, நேரத்தில், சேதமில்லாமல், சரியான ஆவணங்களோடு போய்ச் சேர வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த ஆர்டர் தேறாது. 100 லோடில் 92 நேரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 7-க்கு இ-வே பில்லில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணம்) வண்டி எண் தப்பு என்றால் மிஞ்சுவது 85தான். இதைப் பார்த்த பிறகுதான் எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் கேட்டிலேயே பில்லையும் நம்பர் பிளேட்டையும் ஒத்துப்பார்க்க ஆரம்பித்தார்.

துறைமுகத்துக்கு வெளியே, எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி காத்துக்கிடக்கும் நேரத்தை மட்டும் நாமேதான் தனியாகக் குறிக்க வேண்டும். எக்செல் போதும். அப்புறம், ஒப்பீட்டுக்கு வெளிநாட்டு சராசரியைத் தேடாதீர்கள். மணலி, செங்குன்றம் பக்கம் இதே சரக்கைக் கையாளுகிறவர்களிடம் கேளுங்கள்.