முதலில் எச்.டி.எம்.எல்., பிறகுதான் சி.எஸ்.எஸ்.: ஆறு பக்கப் பயிற்சி ஒன்றின் மதிப்புரை

ஆறு சிறிய வலைப்பக்கங்களைச் செய்யவைத்து, அவற்றின் வழியே ஒவ்வொரு பகுதியையும் அதன் பொருளுக்கேற்ற குறிச்சொல்லால் குறிக்கும் செமான்டிக் எச்.டி.எம்.எல்.-ஐயும் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ்.-ஐயும் கற்றுத்தரும் இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். தன்விவரப் பக்கம், கட்டுரை, கால அட்டவணை, பதிவுப் படிவம், படத்தொகுப்பு, செய்தி முகப்பு என்பவையே அந்த ஆறு. கடைசிப் பக்கத்தைத் தவிர மற்றவற்றுக்குச் செலவிட்ட நேரம் வீணாகவில்லை.

இப்பயிற்சியில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. எந்தப் பக்கத்தையும் முதலில் ஒரு வரி சி.எஸ்.எஸ். கூட இல்லாமல் எழுதி முடித்து, உலாவியில் அதை மேலிருந்து கீழாகப் படித்து, எது தலைப்பு, எது மெனு, எது மையச் செய்தி என்பது விளங்கிய பின்னரே அழகுபடுத்தத் தொடங்க வேண்டும். நிறத்தையும் எழுத்துருவையும் தொட்டுப் பார்க்கக் கை பரபரக்கும் தொடக்க நாட்களில் இது எனக்கு எரிச்சலையே தந்தது. ஆனால் எதற்கெடுத்தாலும் டிவ் (பொருள் எதையும் குறிக்காத வெற்றுப் பெட்டிக் குறிச்சொல்) போடும் என் பழக்கம் இந்த விதியால்தான் ஒழிந்தது. டிவ்களால் மட்டும் ஆன பக்கம், சி.எஸ்.எஸ். இல்லாதபோது ஒரே அளவிலான வரிகளின் குவியலாகக் கிடக்கிறது. நேவ் (மெனு), மெயின் (மையப் பகுதி), ஆர்ட்டிகிள் (தனிக் கட்டுரை), தலைப்புகள், பட்டியல்கள் என்று உரியவற்றை இட்ட பக்கமோ அலங்காரம் இல்லாமலே படிக்கக் கூடியதாக நிற்கிறது.

பதிவுப் படிவப் பாடம்தான் இப்பயிற்சியின் உச்சம். மவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் கொண்டு படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். டிவ்வில் கிளிக் நிகழ்வை இணைத்து நான் செய்திருந்த ‘அனுப்பு’ பொத்தானை டேப் கண்டுகொள்ளவே இல்லை. அதையே பட்டன் ஆக்கியதும் என்டர், ஸ்பேஸ் இரண்டுக்கும் தானாகவே இயங்கியது. திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும், இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானைக் கொண்டு கேட்டபோது, லேபிளோடு (பெட்டியின் பெயரைச் சொல்லும் குறிச்சொல்) இணைக்கப்படாத பெட்டிகள் பெயரில்லாமல் ஒலித்தன. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற நிறவேறுபாடு வேண்டும் என்ற, பார்வை குறைந்தோரும் படிக்க உதவும் அணுகல்தன்மை நெறியையும் இங்கேயே, நான் ஆசையாகத் தேர்ந்த வெளிர்சாம்பல் எழுத்து தோற்றுப்போன தருணத்தில், கற்றுக்கொண்டேன்.

சி.எஸ்.எஸ். பகுதி அளவானது. ஒவ்வோர் உறுப்பையும் பெட்டியாகக் கருதும் பாக்ஸ் மாடல், அடுத்தடுத்த மேல்கீழ் மார்ஜின்கள் (வெளி இடைவெளிகள்) ஒன்றாக இணைந்துவிடும் விந்தை, ஒரு திசை அடுக்குக்கு ஃபிளெக்ஸ்பாக்ஸ், நிரையும் நிரலும் சேர்ந்த அமைப்புக்கு கிரிட் என்று போகிறது. முக்கிய உலாவிகள் 2017-லேயே கிரிட்டை ஏற்றுவிட்ட பிறகும் ஒன்றை ஓரமாக ஒதுக்கும் ஃப்ளோட் பண்பால் பக்கத்தை நிரல்களாகப் பிரிக்கக் கற்பிக்கும் பாடங்களைப் பார்த்துச் சலித்த எனக்கு, ஃப்ளோட்டைப் படத்தைச் சுற்றி எழுத்தை ஓடவிட மட்டும் பயன்படுத்தியது நிறைவளித்தது. கால அட்டவணையும் படத்தொகுப்பும் பரவாயில்லை ரகம்.

செய்தி முகப்பில்தான் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு செக்‌ஷனுக்குள்ளும் எச்1 தலைப்பு (முதல்நிலைத் தலைப்பு) இடலாம், உலாவி அதன் படிநிலையைப் புரிந்துகொள்ளும் என்கிறது பாடம். அந்தக் கணிப்பு முறையை எந்த உலாவியும் செயல்படுத்தாததால் 2022-இல் எச்.டி.எம்.எல். தரத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள், எச்1, எச்2, எச்3 என்று நாமே வரிசைப்படுத்துவதுதான் சரி. கிரிட்டில் ஆர்டர் பண்பைக் கொண்டு செய்திகளை இடம் மாற்றச் சொல்பவர்கள், கண்ணுக்குத் தெரியும் வரிசை மாறினாலும் டேப் விசை பழைய வரிசையிலேயே தாவும் என்பதைச் சொல்வதில்லை. படிவப் பாடத்தில் அவ்வளவு கவனம் காட்டியவர்களா இவர்கள் என்று தோன்றியது.

தானியங்கி மதிப்பீடும் நம்பத்தக்கதாக இல்லை. சோதனைக்காகப் பக்கம் முழுவதையும் தேவையின்றி ஆர்ட்டிகிள்களால் சுற்றி, எல்லாப் படங்களுக்கும் மாற்று உரையாக (படத்தைப் பார்க்க இயலாதவர்களுக்கான விளக்கம்) ‘படம்’ என்றே எழுதி அனுப்பினேன். முழு மதிப்பெண் வந்தது. தரப்பட்ட மாதிரிக் கோப்பில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே குறிக்கப்பட்டிருப்பதால், தமிழில் எழுதுவோர் லாங் பண்பை முதல் வேலையாக மாற்றிவிட வேண்டும். இல்லையேல் திரைவாசிப்பான் தமிழையும் ஆங்கிலக் குரலில் படிக்க முயலும்.

அடிப்படைக் குறிச்சொற்களை அறிந்தவர்கள் தயங்காமல் சேரலாம். செய்தி முகப்பை மட்டும் பாடத்தைப் பின்பற்றாமல், படிவத்துக்குச் செய்த அதே டேப் சோதனையையும் திரைவாசிப்பான் சோதனையையும் வைத்து நீங்களே எழுதிப் பாருங்கள். நானும் அப்படித்தான் அதை இரண்டாம் முறை எழுதினேன்.