அட்டையில் 1942, உள்ளே 1944: ஒரு டி-34 மாதிரிப் பெட்டி

அட்டைப்படத்தைப் பார்த்து மயங்கி எதையும் வாங்குவதில்லை என்று பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இரண்டாம் உலகப்போர்க் காலச் சோவியத் டாங்கியான டி-34இன் 1/35 அளவிலான இந்தப் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டியை நான் வாங்கியது முழுக்க முழுக்க அட்டைப்படத்துக்காகத்தான். பனி மூடிய ஒரு ரயில் நிலையம், நடைமேடையை ஒட்டி நிற்கும் வெள்ளை பூசிய டாங்கி, அதன் கோபுரத்தில் செங்கொடி பொறித்த காவலர் சின்னம், மேலே 'கான்தெமிரோவ்கா காவலர் டாங்கி டிவிஷன், டிசம்பர் 1942' என்ற வரி. விலை மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். தயாரிப்பாளரின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். குறை சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். இத்தகைய அச்சுகள் கைமாறி, வெவ்வேறு பெட்டிகளில் வெவ்வேறு பெயர்களில் வெளிவருவது இத்தொழிலில் வழக்கம் என்பதால், பெட்டியைவிட உள்ளே இருக்கும் பொருளைப் பற்றிப் பேசுவதே வாங்குபவருக்குப் பயன்படும் என்பது மற்றொரு காரணம்.

பிளாஸ்டிக் என்ற அளவில் இது நல்ல பொருள். வரலாறு என்ற அளவில், அட்டையிலுள்ள அந்த ஒற்றை வரிக்கும் உள்ளே இருப்பதற்கும் எந்த உறவும் இல்லை.

பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் எடுத்தது கோபுரத்தை. வார்ப்பு எஃகின் சொரசொரப்பை மேற்பரப்பில் அழகாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அது உருண்டு திரண்ட பெரிய கோபுரம். அதிலிருந்து நீள்வது 85 மி.மீ. பீரங்கி. அதாவது இது டி-34/85. இந்த வகை தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரத் தொடங்கியதே 1944இன் தொடக்கத்தில்தான். 1942 டிசம்பரில் கான்தெமிரோவ்காவுக்குள் நுழைந்த டி-34களில் இருந்தது 76 மி.மீ. பீரங்கி. டாங்கிக்குள் நான்கு பேர், அவர்களில் கோபுரத்தில் இருவர் மட்டுமே. டாங்கியின் தலைவரே பீரங்கியைக் குறிபார்த்துச் சுடவும் வேண்டும், எதிரி எங்கே, தன்னுடன் வந்த மற்ற டாங்கிகள் எங்கே என்று வெளியே கவனிக்கவும் வேண்டும். 85 மி.மீ. பீரங்கியுடன் வந்த பெரிய கோபுரத்தில்தான் சுடுவதற்கென்று தனியாக ஓர் ஆள் அமர்ந்தார். தலைவருக்குச் சுற்றிலும் பார்க்கும் குமிழ் மாடம் கிடைத்தது. ஆகவே, பீரங்கிக் குழாய் சற்றே நீண்டுவிட்டது, அவ்வளவுதானே என்று இதைக் கடந்துபோக முடியாது. இரண்டு டாங்கிகளிலும் போரிட்ட முறையே வேறு.

அடுத்த தவறு 'டிவிஷன்' என்ற சொல். 1942இல் அப்படி ஒரு டிவிஷன் இல்லை. 1941 கோடையில் ஜெர்மானியரின் படையெடுப்பில் செஞ்சேனையின் பழைய டாங்கி டிவிஷன்கள் சிதைந்துபோன பிறகு, 1942 வசந்தத்திலிருந்து 'டாங்கிக் கோர்' என்ற புதிய அமைப்பை உருவாக்கினார்கள். கோர் என்ற பெயர் பெரிதாக ஒலித்தாலும் மூன்று டாங்கிப் பிரிகேடுகளும் ஒரு மோட்டார் துப்பாக்கிப் பிரிகேடும் கொண்ட அது, ஏறத்தாழ மற்ற நாடுகளின் ஒரு டிவிஷன் அளவுதான். பின்னாளில் கான்தெமிரோவ்காவின் பெயரைப் பெற்றது, அந்தக் கோடையில் அமைக்கப்பட்ட 17ஆம் டாங்கிக் கோர்; அதில் 66, 67, 174ஆம் டாங்கிப் பிரிகேடுகளும் 31ஆம் மோட்டார் துப்பாக்கிப் பிரிகேடும் இருந்தன. நிகலாய் ஃபெக்லென்கோவின் தலைமையில் வரோனெஷ் அருகே முதன்முதலாகக் களமிறங்கிய அந்தக் கோர், பழக்கமில்லாத படைகளுக்கு அந்த ஆண்டு நேர்ந்த கதியையே சந்தித்தது: பலத்த இழப்பு, பின்வாங்கல், மீண்டும் ஆளும் டாங்கியும் நிரப்பிக்கொள்ளல்.

அட்டைப்படத்திலுள்ள ரயில் நிலையம் மட்டும் பொருத்தமானது. ஸ்டாலின்கிராடில் சூழப்பட்ட ஜெர்மன் 6ஆம் படையை மீட்க ஜெர்மன் தளபதி மான்ஸ்டைன் தெற்கிலிருந்து முன்னேறிக்கொண்டிருந்த நேரத்தில், டிசம்பர் 16 அன்று, டான் ஆற்றின் நடுப்பகுதியில் இத்தாலிய 8ஆம் படை நின்ற இடத்தில் சோவியத் படைகள் தாக்கின. ரஸ்தோவ் வரை பாய்வதாக முதலில் வகுக்கப்பட்ட திட்டம் 'சனி'. அது சுருக்கப்பட்டதால் 'சிறிய சனி' என்று பெயர் பெற்றது. (நம்மூர்ப் பேச்சில் அந்தப் பெயர் எதிராளிக்கே கூடுதலாகப் பொருந்தும்.) பவெல் பொலுபோயரவின் தலைமையிலான 17ஆம் கோர் மறுநாள் போரில் இறக்கப்பட்டது, டிசம்பர் 19 அன்று கான்தெமிரோவ்கா விழுந்தது. அது பெரிய நகரம் அன்று. ஆனால் அதன் வழியே ஓடிய ரயில்பாதையில்தான் இத்தாலியப் படையின் சோறும் குண்டும் வந்துகொண்டிருந்தன. கிடங்குகளும் மருத்துவமனைகளும் நிறைந்த ஒரு பின்னணி ஊருக்குள், முன்னணி இன்னும் தொலைவில் இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, எதிரியின் டாங்கிகள் நுழைந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. பாதை அறுபட்டது, டான் கரையில் நின்ற படைக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்றாயிற்று.

இந்த வெற்றிக்காகத்தான் 1943 ஜனவரி 2 அன்று 17ஆம் கோர் '4ஆம் காவலர் டாங்கிக் கோர்' ஆக்கப்பட்டு, கான்தெமிரோவ்காவின் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. போரில் சிறந்து நின்ற படைகளுக்குச் சோவியத் அரசு அளித்த பட்டமே 'காவலர்' என்பது. ஆக, அந்த ஊரைப் பிடித்த நாளில் அந்தப் படை காவலர் படையும் அன்று, அந்த ஊரின் பெயரைத் தாங்கியதும் அன்று. டெக்கால் (ஒட்டுப்படம்) தாளில் அச்சிட்டிருக்கும் சின்னமும் அன்று அந்தப் படைக்கு உரியதன்று. காவலர் பதக்கச் சின்னம் 1942 மே 21 அன்றே நிறுவப்பட்டிருந்தாலும், அது காவலர் படைகளுக்கு மட்டுமே உரியது. பிறந்த குழந்தையின் கையில் பட்டமளிப்புச் சான்றிதழைக் கொடுத்துப் படம் எடுத்தது போல இருக்கிறது அட்டை.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். பாகங்கள் பொருந்தும் விதம் குறை சொல்ல முடியாதது. உடற்கூட்டின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் உப்புத்தாளே தேவைப்படாமல் சேர்ந்தன. கோபுரத்தின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் மட்டும் மெல்லிய கோடு தெரிந்தது. உண்மையான வார்ப்பிலும் அந்த இடத்தில் தழும்பு உண்டு என்பதால் நான் அதை முற்றிலும் தேய்த்து அழிக்கவில்லை. கோபுரக் கூரையில் காற்றுப்போக்கிக் குமிழ்கள் இரண்டும் பின்புறம் அருகருகே இருக்கின்றன. போர்க்கால டாங்கிக்கு அதுவே சரி. போருக்குப் பிந்திய தயாரிப்பில்தான் ஒன்றை முன்னுக்கு நகர்த்தினார்கள். இதைக் கவனித்துச் செய்த அச்சுக்காரர் அட்டை எழுதியவரோடு பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சக்கரங்கள் இரண்டு வகையாகத் தரப்பட்டிருக்கின்றன: ரப்பர் விளிம்புள்ளவை ஒன்று, எஃகு விளிம்புள்ளவை மற்றொன்று. இரண்டாவது, 1942இல் ரப்பர் தட்டுப்பாட்டால் வந்தது. அதைப் பற்றி வழிகாட்டித் தாளில் ஒரு சொல்லும் இல்லை. சங்கிலிப்பட்டையைத் தனித்தனிக் கண்ணிகளாகக் கோக்க வேண்டும். பக்கத்துக்கு 72 கண்ணிகள், ஒன்றில் பல் இருக்கும், அடுத்ததில் இருக்காது. பல்லுள்ள கண்ணிகள் என் பெட்டியில் நான்கு குறைந்தன. விற்றவருக்கு எழுதியதற்கு விடை வரவில்லை. உடற்கூட்டின் மேல் உதிரிக் கண்ணிகளாக வைக்க வேண்டியவற்றை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டேன். முழுதாகச் சேர்த்தபின் பீரங்கி முனை வரை ஏறத்தாழ 23 செ.மீ. நீளம் வருகிறது. டெக்கால்கள் தடிமனானவை, மழைக்கால ஈரப்பதத்தில் அவை ஒட்டிக் காய்வதற்குள் பொறுமை போய்விடும்.

அட்டை சொல்வதை ஒதுக்கிவிட்டால், இந்த மாதிரிக்கு அதே படையின் வரலாற்றிலேயே பொருத்தமான இடம் உண்டு. இடைப்பட்ட 1943ஐத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். அந்தப் பிப்ரவரியில் சோவியத் தளபதி பொப்பவின் நடமாடும் படைக்குழுவில் சேர்ந்து க்ரமத்தோர்ஸ்கிலிருந்து கிராஸ்னஅர்மெய்ஸ்கயே வரை, அதாவது இன்றைய பக்ரோவ்ஸ்க் வரை, பாய்ந்த கோர், மான்ஸ்டைனின் எதிர்த்தாக்குதலில் மாட்டிக்கொண்டு பெரும்பகுதியை இழந்தது. ஆகஸ்டில் அஹ்திர்கா அருகே மறுபடி ஒரு எதிரடி. புகழ்பெற்ற படைகளின் சுருக்க வரலாறுகளில் இத்தகைய மாதங்களை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். இந்தப் பெட்டியின் வழிகாட்டித் தாள் அந்த ஒரு வரியைக்கூடச் செலவழிக்கவில்லை.

என் கணக்கில் இந்த மாதிரி போய்ச் சேர வேண்டிய இடம் கார்பாத்திய மலைகளிலுள்ள துக்லா கணவாய். 1944 ஆகஸ்டு இறுதியில் ஸ்லோவாக்கியாவில் நாஜிகளுக்கு எதிராக எழுச்சி வெடித்தபோது, அதற்குத் தோள் கொடுக்கக் கார்பாத்திய மலைகளைக் குறுக்கே கடப்பதென்று முடிவாகி, செப்டம்பர் 8 அன்று மஸ்கலென்கோவின் 38ஆம் படை தாக்குதலைத் தொடங்கியது. 4ஆம் காவலர் கோரும், ஸ்வபோதா விரைவில் தலைமையேற்ற செக்கோஸ்லோவாக்கியக் கோரும் அதில் இருந்தன. சில நாட்களில் முடியும் என்று எண்ணிய வேலை ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு நீண்டது. அதற்குள் எழுச்சியே நசுக்கப்பட்டுவிட்டது. சமவெளியில் பாய்வதற்கென்று கட்டிய டாங்கிகள், மழையில் குழைந்த மலைப்பாதைகளிலும் இருபுறமும் உயரத்திலிருந்து சுடப்படும் குறுகிய பள்ளத்தாக்குகளிலும் ஊர்ந்தன. ஸ்வித்னிக் அருகே கபிஷோவா பகுதிக்கு அன்று வந்த 'சாவுப் பள்ளத்தாக்கு' என்ற பெயர் இன்றும் மாறவில்லை. அங்கே வயல்வெளியில் டி-34/85கள் தாக்குதல் வரிசையில் நிறுத்தப்பட்டு நினைவுச்சின்னங்களாக நிற்கின்றன. எனவே நான் வெள்ளைப் பூச்சையும் காவலர் சின்னத்தையும் ஒதுக்கிவிட்டு, கரும்பச்சை அடித்து, சக்கரங்களுக்கு மேல் சேறு அப்பினேன். இடைவெளிகளை நிரப்பப் பயன்படும் 'புட்டி'ப் பசையில் பழுப்பு நிறத்தைக் குழைத்து, நறுக்கிய தேங்காய் நாரையும் கலந்தால் மலைச்சேறு நன்றாக வருகிறது.

1945ஐ விரும்புகிறவர்களுக்கும் இதே மாதிரி பொருந்தும். ஜனவரியில் க்ரகோவ், மே மாதத்தில் டிரெஸ்டன், அங்கிருந்து பிராகை நோக்கிய பாய்ச்சல். அந்தக் கோடையில்தான் கோர் 4ஆம் காவலர் டாங்கி டிவிஷன் என்று பெயர் மாறி, மாஸ்கோவுக்குத் தென்மேற்கே உள்ள நரோ-ஃபொமின்ஸ்கில் குடியேறியது. பொலுபோயரவ் பின்னாளில் கவசப் படைகளின் மார்ஷல் ஆனார்.

வழிகாட்டித் தாளின் பின்பக்கத்தில் டிவிஷனின் பிற்கால வரலாறு அரைப்பக்கம் இருக்கிறது. 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின்போது ரஷ்யத் தலைவர் எல்த்சின் ஏறி நின்று பேசிய டாங்கி இந்த டிவிஷனுடையது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இது பலரும் செய்யும் பிழை. தலைநகரை அடுத்து இருந்ததால், 1953இல் ஸ்டாலினின் உளவுப்படைத் தலைவராக இருந்த பெரியா கைதானபோதும் சரி, 1991இலும் சரி, மாஸ்கோவுக்குள் வர உத்தரவு பெற்ற படைகளில் கான்தெமிரோவ்கா டிவிஷன் ஒன்று. ஆனால் எல்த்சின் ஏறிய டி-72 தமான் டிவிஷனுடையது. (ஆவடியில் 'அஜேயா' என்ற பெயரில் தயாரான அதே குடும்பம்.) கான்தெமிரோவ்காவின் டாங்கிகள் உண்மையில் வரலாற்றில் இடம்பிடித்தது இரண்டு ஆண்டுகள் கழித்து, 1993 அக்டோபர் 4 அன்றுதான்: எல்த்சினின் உத்தரவில் பாலத்தின் மேல் நின்று ரஷ்ய நாடாளுமன்றக் கட்டடத்தை டி-80கள் சுட்டன. தாளில் இது இல்லை. 2009இல் டிவிஷன் பிரிகேடாகச் சுருக்கப்பட்டதோடு தாளின் கதை முடிகிறது. 2013இல் அது மீண்டும் டிவிஷனாக்கப்பட்டதும் இல்லை. 2022 மார்ச்சில் அஹ்திர்காவுக்கு அருகிலுள்ள த்ரஸ்தியானெத்ஸ் என்ற உக்ரைனிய ஊரைப் பிடித்துவைத்திருந்ததும் இந்த டிவிஷனே. மார்ச் 26 அன்று உக்ரைன் படை அவ்வூரை மீட்டபோது, ரயில் நிலையச் சதுக்கம் எரிந்த கவச வாகனங்களால் நிறைந்திருந்தது. அவற்றின் நடுவே இரண்டாம் உலகப்போர் நினைவுச்சின்னமான பழைய டாங்கி தன் பீடத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. 1943 ஆகஸ்டில் இந்தப் படை ஜெர்மானியரோடு மல்லுக்கட்டியது இதே சுற்றுவட்டாரத்தில்தான்.

டி-34/85ஐ முதன்முறையாகச் செய்பவர்களுக்கு இந்தப் பெட்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்கியவுடன் கண்ணிகளை எண்ணிப் பாருங்கள். டெக்காலுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். கான்தெமிரோவ்காவையே செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள், அறுகோணக் கோபுரமும் 76 மி.மீ. பீரங்கியும் உள்ள 1942ஆம் ஆண்டு டி-34ஐத் தேடி வாங்கட்டும். வெள்ளைப் பூச்சைச் சீராக அடிக்காமல், முன்னணி வீரர்கள் கிடைத்த தூரிகையால் அப்பியது போல அடிக்கட்டும். கோபுரத்தில் எந்தச் சின்னமும் வேண்டியதில்லை.