செய்ஷுன் 18 டிக்கெட்: ஜப்பானில் ஓராண்டு படிக்க வந்தவருக்கு இன்னும் கட்டுபடியாகுமா?

பரிமாற்ற மாணவராக ஜப்பானில் இறங்குபவருக்கு முதல் ஏமாற்றம் ரயிலில்தான். ஊரெல்லாம் பேசும் 'ஜப்பான் ரயில் பாஸ்' குறுகிய காலச் சுற்றுலாவுக்கு வருபவர்களுக்கு மட்டும். குடியிருப்பு அட்டையில் 'ரியூகாக்கு' (படிப்பு) என்று இருந்தால் அது கிடைக்காது. 100 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்துக்கு 20 சதவீதம் குறைக்கும் மாணவர் சலுகைச் சான்றிதழையும் பல பல்கலைக்கழகங்கள் பட்டப்படிப்பு மாணவர்களுக்குத்தான் தருகின்றன. விசா, வயது, படிப்பு எதையும் கேட்காமல் யாருக்கும் விற்கப்படுவது செய்ஷுன் 18 எனும் ரயில் டிக்கெட். பெயரில் 18 இருந்தாலும் வயது வரம்பு கிடையாது. 1982 முதல் விற்பனையில் இருக்கிறது.

நாடு முழுக்க ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நிறுவனங்களின் சாதாரண ரயில்களிலும், 'கைசொக்கு' எனப்படும் விரைவு ரயில்களிலும் நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். நம்மூர்க் கணக்கில் பாசஞ்சர் ரயில்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷின்கான்சென் எனும் புல்லட் ரயில் கிடையாது. 'தொக்யூ' எனப்படும் சிறப்பு விரைவு ரயிலில் கூடுதல் கட்டணம் மட்டும் கட்டி ஏறவும் முடியாது. ஏறினால் அந்தத் தூரத்துக்கு அடிப்படைக் கட்டணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டும். பயன்படுத்தும் காலம் வசந்தம், கோடை, குளிர்காலம் என மூன்று. பெரும்பாலும் பல்கலைக்கழக விடுமுறையோடு ஒத்துப்போகும்.

2024 குளிர்காலத்தில் விதிகள் மாறின. இப்போது 3 நாள் டிக்கெட் 10,000 யென், 5 நாள் 12,050 யென். நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு டிக்கெட் ஒருவருக்கே. முன்பு இதே 12,050 யென்னுக்கு ஐந்து நாட்களை விடுமுறை முழுக்கப் பிரித்துப் பயன்படுத்தலாம், நண்பர்கள் ஐவர் ஒரே நாளில் பகிரலாம். மாணவருக்கு அது பெரிய இழப்பு. ஞாயிறுதோறும் ஓர் ஊர் என்று திட்டமிடுபவர்களுக்கு இந்த டிக்கெட் இனி உதவாது. ஒரே நல்ல மாற்றம்: ஊழியரிடம் முத்திரை வாங்க வரிசையில் நிற்காமல் நிலையத்துத் தானியங்கிக் கதவிலேயே டிக்கெட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.

கணக்கு இப்படி வருகிறது. 5 நாள் டிக்கெட்டில் ஒரு நாளுக்கு 2,410 யென். 3 நாள் டிக்கெட்டில் 3,333. தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு ஒரு வழி அடிப்படைக் கட்டணமே 8,000 யென்னைத் தாண்டும். ஆகவே போய்த் திரும்பினாலே பணம் தேறிவிடும். 2,050 யென் கூடக் கொடுத்தால் இரண்டு நாள் அதிகம் என்பதால், பெரும்பாலானோருக்கு 5 நாள் டிக்கெட்டே சரி. ஆனால் போய்ச் சேர்வது மட்டும் நோக்கம் என்றால் இரவுப் பேருந்தே மலிவு. வழியில் இறங்கிப் பார்க்க மனமிருப்பவர்களுக்கான டிக்கெட் இது.

தோக்கியோ - கியோத்தோ வழி ஏறக்குறைய 9 மணி நேரம்: அதாமி, ஹமமட்சு, தொயோஹாஷி, ஓகாகி, மைபாரா என்று மாற வேண்டும். அதாமி வரை கால் நீட்டி உட்கார வேண்டுமானால் 'கிரீன்' எனப்படும் உயர்வகுப்புப் பெட்டிக்குத் தனிக் கட்டணம் கட்டலாம்; சாதாரண ரயிலின் முன்பதிவில்லாத கிரீன் பெட்டிக்கு இந்த டிக்கெட் செல்லும். ஏறும் முன்பே சுய்கா எனும் மின்னணுப் பயண அட்டையில் வாங்குங்கள், ரயிலுக்குள் விலை கூடுதல். அதாமிக்கு மேல் ஷிசுஓகா முழுக்கப் பக்கவாட்டு நீள இருக்கைகள்தான் பெரும்பாலும். எதிரே ஆட்கள் நிற்கும்போது மடியில் சோற்றுப் பெட்டியைப் பிரிக்கச் சங்கடமாக இருக்கும். சாப்பாட்டை ஹமமட்சுவில் இறங்கி முடித்துக்கொள்வது நல்லது. பயணத்தில் கடினமான இடம் ஓகாகி. வந்த ரயிலைவிட மைபாரா போகும் ரயிலுக்குப் பெட்டிகள் குறைவு, விடுமுறையில் எல்லோரும் ஓடுவார்கள். 'ஓகாகி ஓட்டம்' என்று அதற்குப் பெயரே உண்டு. பெரிய பயணப் பெட்டியோடு அதில் ஜெயிக்க முடியாது; முதுகுப் பை போதும், இல்லையென்றால் அடுத்த ரயிலுக்குக் காத்திருங்கள். மேற்கே ஹிரோஷிமா போனால் இதே நெரிசல் ஹிமேஜிக்கும் ஒகயாமாவுக்கும் இடையில் வரும்.

தவறு நடக்கும் இடங்கள்:

நள்ளிரவு. 0:00 மணிக்குப் பிறகு ரயில் நிற்கும் முதல் நிலையம் வரைதான் அந்த நாள் செல்லும். தோக்கியோ, ஒசாகா சுற்றுவட்டார ரயில்களில் மட்டும் கடைசி ரயில் வரை. ஐந்தாம் நாள் இரவு இதில் கோட்டைவிட்டால் மீதித் தூரத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

ஜே.ஆர். அல்லாத பாதை. ஷின்கான்சென் வந்ததும் பழைய தடங்கள் உள்ளூர் நிறுவனங்களுக்குப் போய்விட்டன. 2024 மார்ச்சுக்குப் பிறகு சுருகாவிலிருந்து கனசாவா வரை அப்படித்தான். வரைபடத்தில் பழைய பெயரைப் பார்த்து ஏறிவிட்டு இறங்கும்போது பணம் கட்டுபவர்கள் ஏராளம்.

ரயில் தாமதம், ரத்து. புயலில் ரயில் நின்றாலும் பணமும் திரும்பாது, நாளும் நீளாது. கோடை டிக்கெட் வாங்குபவர்கள் செப்டம்பர் சூறாவளிக் காலத்தைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். தொடங்கும் தேதிக்கு முன்பே ரத்து செய்தால் மட்டும் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

வாங்குமிடம் 'மிதொரி நோ மதோகுச்சி' எனும் டிக்கெட் அலுவலகம் அல்லது இருக்கை முன்பதிவு இயந்திரம். தொடங்கும் தேதியை அங்கேயே சொல்லியாக வேண்டும். பயன்படுத்தும் காலம் ஜனவரி 10-இல் முடிந்தால், 5 நாள் டிக்கெட் ஜனவரி 6-க்குள் தொடங்க வேண்டும். தொலைத்தால் மறுபடி தர மாட்டார்கள். உள்ளே நுழையும்போது பழக்கத்தில் சுய்கா அட்டையைத் தட்டிவிடாதீர்கள். ஊழியர் சரிசெய்வதற்குள் அடுத்த ரயில் போய்விடும்.

ஹிரோஷிமா வரை போகிறவர்கள் மியாஜிமாகுச்சியில் இறங்கி மியாஜிமா தீவுக்குப் போகும் ஜே.ஆர். படகில் ஏறத் தவறாதீர்கள். 10 நிமிடப் படகுப் பயணத்துக்கும் இதே டிக்கெட் செல்லும். தீவுக்கான 100 யென் வருகை வரி மட்டும் தனி.