காய்ச்சல் இறங்கிய நாளில்தான் பயம்

கார்த்திகையில் மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு மெல்போர்ன் திரும்பியிருக்கிறேன். மன்னார்குடிப் பக்கம் அம்மா வீடு. தங்கையின் வளைகாப்புக்காகப் போன பயணம். அதில் பாதி அண்ணன் மகனின் டெங்குவோடு கழிந்தது. மழைக்காலத்தில் ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்று, பட்டதை எழுதுகிறேன்.

பையனுக்குப் பதினோரு வயது. திடீரென்று 103 டிகிரி. சளி இல்லை, இருமல் இல்லை. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றான். அன்று மாலையே ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். ஓர் ஊசி, நான்கு வகை மாத்திரை, "வைரல் ஃபீவர்தான்", இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். மறுபடி எப்போது வர வேண்டும், என்ன தெரிந்தால் ஓடிவர வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம், பாதி நேரம் நின்றபடி. உட்கார இடம் போதாது. காய்ச்சல் பிள்ளைகளை மடியிலும் தோளிலும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் உள்ளே போனபின் யாரும் அவசரப்படுத்தவில்லை. நர்ஸ் எங்கள் மாத்திரைக் கவரை மேசையில் கொட்டி ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். இபுப்ரோஃபென் அட்டையைத் தனியே எடுத்து வைத்தார்.

"இதை இனிமே குடுக்காதீங்கக்கா. டெங்குவா இருந்தா ரத்தக்கசிவு வந்துடலாம். பாராசிட்டமால் மட்டும் போதும், அதுவும் எடைக்கு ஏத்த அளவுதான்."

அப்புறம் டெங்கு அறிகுறி தெரிகிறதா என்று பார்க்க, பி.பி. பார்க்கும் பட்டையைப் பையன் கையில் சுற்றி, காற்றடித்து, ஐந்து நிமிடம் அப்படியே விட்டார். அவிழ்த்தபோது முழங்கை மடிப்புக்குக் கீழே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினாலும் மறையவில்லை. அவர் ஒவ்வொன்றாக எண்ணியபோது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்எஸ்1 என்ற டெங்கு பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் பாசிட்டிவ்.

அங்கிருந்த டாக்டர் அம்மா சொன்ன ஒன்றைத்தான் இதைப் படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். "காய்ச்சல் இறங்கினதும் வீட்ல எல்லாரும் நிம்மதியாயிடுவீங்க. எனக்கு அப்பதான் கவலை ஆரம்பிக்கும்." மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும்போது ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கைகால் சில்லிடுவது, நிலைகொள்ளாமல் புரள்வது அல்லது எழுப்ப முடியாமல் தூங்கி வழிவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இதில் ஒன்று தெரிந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிதான். எல்லாரும் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கையையே கேட்கிறார்கள், நீர் கசிந்து ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்பதையும் நாங்கள் பார்க்கிறோம் என்றார்.

ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. பையன் எழுந்து உட்கார்ந்து டிவி கேட்டான். அம்மா சாமி விளக்கேற்றிக் கும்பிட்டாள். மதியம் வயிறு வலிக்கிறது என்று சுருண்டான். இரண்டு முறை வாந்தி. பாதத்தைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, களைப்பில் தூங்கட்டும் என்று சித்தி சொன்னார். அண்ணன் ஒரு நொடி தயங்கவில்லை, தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனான். இரண்டு நாள் டிரிப்ஸ், சில மணிக்கொரு தரம் ரத்தப் பரிசோதனை. பிழைத்து வந்தான். டாக்டர் அம்மா சொன்னது காதில் விழாமல் போயிருந்தால் நாங்களும் தூங்கத்தான் விட்டிருப்போம். கொசுவை ஒழிப்போம் என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. இந்த எச்சரிக்கையையும் அதே பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

பரிசோதனை முடிவு வந்த மறுநாளே கொசு ஒழிப்புப் பணியாளர்கள், இரண்டு பெண்கள், வீட்டுக்கு வந்தார்கள். அம்மா தினம் இரண்டு வேளை வீடு கூட்டுகிறவள், "எங்க வீட்ல கொசு இல்லம்மா" என்றாள். ஒருவர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து தண்ணீர் சேரும் தட்டை உருவினார். டார்ச் அடித்தார். தெளிந்த தண்ணீரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள், வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்கின. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சாக்கடையில இது அதிகம் வளராதும்மா, பெரும்பாலும் நல்ல தண்ணியிலதான்" என்று அந்தப் பெண் ஆறுதலாகச் சொன்னார். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாதாம். முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் டிரம், தொட்டி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். புகை அடிப்பது பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும். இந்தக் கொசு பகலில் கடிப்பது. காய்ச்சல்காரரைக் கடித்தால் அடுத்தவருக்குக் கொண்டுபோகும். நோயாளியைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள் என்றார். எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நான் திரும்பி வந்த நான்காம் நாள் எனக்கும் உடம்பு கொதித்தது. கடித்த பின் இரண்டு வாரம் வரைகூடத் தாமதித்து டெங்கு வரலாம். இங்கே டாக்டர் என்னவென்று கேட்பதற்கு முன்பே, தமிழ்நாட்டிலிருந்து வந்து நான்கு நாள் ஆகிறது, வீட்டில் டெங்கு இருந்தது என்று சொன்னேன். ரத்தம் எடுக்கச் சொன்னார். டெங்கு இல்லை. ஆனாலும் காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள், மணிக்கொரு தரம் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.