“மெயில் போகலை”: ஆறு வருட சர்வர் அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் 40 பேர். டெபியன் லினக்ஸ் சர்வர் ஒன்றில், மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், வந்த மெயிலைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டும் டவ்காட்டும் ஓடுகின்றன. ஆறு வருடமாக அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வருகிற புகாரில் பாதிக்கு மேல் “மெயில் போகலை” என்ற இரண்டே சொல்தான். அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதை நாம்தான் சர்வர் எழுதிவைக்கும் பதிவான லாகைத் திறந்து தோண்ட வேண்டும்.

முதல் வருடம் தலைவலி கொடுத்தது இணைப்புக் கோப்பு. “8 எம்பிதானே, வரம்பு 10 எம்பி என்றீர்களே” என்று கணக்குப் பிரிவில் சண்டைக்கே வந்துவிட்டார்கள். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு வரம்பு 1,02,40,000 பைட். ஆனால் மெயிலில் கோப்பு பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறித்தான் போகும், மூன்று பைட் நான்காகும். 8 எம்பி பத்தரையைத் தாண்டிவிடும். வரம்பைக் கூட்டினேன், சண்டை ஓய்ந்தது.

என்னை உண்மையிலேயே குழப்பியது சான்றிதழ் விவகாரம். சர்வர் உண்மையானதுதான் என்று போனுக்கும் கணினிக்கும் காட்டும் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சேவையிடம் வாங்குகிறோம். அதற்கு ஆயுள் 90 நாள், புதுப்பிப்பது தானாக நடக்கும். நடந்தும் இருந்தது, வட்டில் புதிய கோப்பு இருந்தது. ஆனாலும் ஒரு காலையில் எல்லோருடைய போனும் ‘சான்றிதழ் காலாவதி’ என்றது. விசித்திரம் என்னவென்றால், மெயில் அனுப்ப முடிகிறது, இன்பாக்ஸ் மட்டும் திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டேன். போஸ்ட்ஃபிக்ஸின் துணைச் செயல்கள் கொஞ்ச நேரத்தில் முடிந்து மறுபடி தொடங்குபவை, அதனால் புதுச் சான்றிதழ் அவற்றுக்குத் தானாகக் கிடைத்துவிடும். டவ்காட்டோ ரீலோடு செய்யும்வரை, அதாவது அமைப்பை மறுபடி படிக்கச் சொல்லும்வரை, பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். புதுப்பித்தவுடன் ரீலோடு செய்ய ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரியை முதல் நாளே போட்டிருக்கலாம், என் தப்புதான்.

அப்புறம் வட்டு. ‘இடமில்லை’ என்கிறது லாக், வட்டு இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டால் பாதிக்கு மேல் காலி! ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று செலவாகும் ஐநோடின் எண்ணிக்கையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நாங்கள் மெயிலைச் சேமிக்கும் மெயில்டிர் முறையில் ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. நான் எப்போதோ எழுதி மறந்த கண்காணிப்பு ஸ்கிரிப்ட், நிமிடத்துக்கு ஒரு மெயிலை யாரும் திறக்காத பெட்டிக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நாளைக்கு 1,440. மூன்று வருடத்தில் பதினைந்து லட்சத்துக்கும் மேல். 25 ஜிபி பார்ட்டிஷனில் இருந்த ஐநோடே சுமார் பதினாறு லட்சம். கண்காணிக்க வைத்ததே கவிழ்த்துவிட்டது.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் அனுப்புநர் விதிகளை இறுக்கியபோது எங்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை, எங்கள் பெயரில் எந்தச் சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், மெயிலில் கையொப்பமிடும் டிகேஐஎம் இரண்டும் முன்பே இருந்தன. விற்பனைப் பிரிவு ஒவ்வொரு வெளிச் சேவையாகச் சேர்த்து, எஸ்பிஎஃப் பதிவு அனுமதிக்கும் பத்து டிஎன்எஸ் (இணையப் பெயர்ப் பதிவு) தேடலைத் தாண்டியதுதான் ஒரே இடறல்.

புதிதாகப் போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எதிர்ப்பக்கச் சர்வர் தற்காலிகமாக மறுத்தால், மெயில் வரிசையில் இயல்பாக ஐந்து நாள் கிடக்கும். அதுவரை அனுப்பியவருக்கு ஒரு தகவலும் வராது, தாமத எச்சரிக்கை இயல்பில் அணைந்தே இருக்கிறது. அந்த எச்சரிக்கையை நான்கு மணி நேரத்தில் வரும்படி வைத்தேன். எனக்கு வரும் போன் கால்கள் குறையவில்லை, ஆனால் இப்போது காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

மேட்டர்மோஸ்ட் அரட்டையும் இதே ஆட்களுக்கு ஓடுகிறது. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸோடு கோப்புகள் இருக்கும் அடைவையும் எடுங்கள். நான் முதல் முறை டேட்டாபேஸை மட்டும் மீட்டு, படங்கள் எல்லாம் உடைந்த ஒரு சானலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சொந்தச் சர்வரில் மெயில் ஓட்டுவதைத் தொடரலாமா, வாடகைச் சேவைக்குப் போகலாமா என்று கேட்டால், லாக் படிக்க அலுவலகத்தில் இரண்டாவது ஆள் ஒருவர் இருந்தால் தொடரலாம். ஒருவரே என்றால் வேண்டாம், விடுப்பில்கூடக் கையில் லேப்டாப் இருக்கும். எங்களுக்குப் போன வருடம்தான் அந்த இரண்டாவது ஆள் கிடைத்தார்.

இப்போது இருவருமாக டெபியன் 13-க்கு மாறும் வேலையில் இருக்கிறோம். அதில் வரும் டவ்காட் 2.4-ல் அமைப்புக் கோப்பின் எழுத்துமுறையே மாறிவிட்டது, பழைய கோப்பு அப்படியே ஏறாது. சோதனை இயந்திரத்தில் லாகின் வருகிறது, மெயில் வருகிறது. பகிர்ந்த ஃபோல்டர்கள் மட்டும் இன்னும் கண்ணில் படவில்லை.