பேட்டரியைக் கேட்டோம், லீடைக் கேட்கவில்லை: அம்மாவின் பேஸ்மேக்கர், 13 வருடம் கழித்து

2011-ல் மதுரையில் அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்தோம். ஹார்ட் பிளாக், அதாவது இதயத்துக்குள் ஓடும் மின்சாரத் தூண்டல் தடைபடுவது; நாடி 34-க்கு இறங்கியிருந்தது. பேட்டரி எத்தனை வருஷம் வரும் என்று டாக்டரைத் துளைத்து எடுத்தேன். பெட்டியிலிருந்து இதயத்துக்குள் போகிற ஒயரான லீடைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேட்டரி தீர்ந்தால் அது இருக்கும் பெட்டியைத்தான் மாற்றுவார்கள்; லீட் உள்ளேயே இருக்கும். தினமும் சுமார் ஒரு லட்சம் துடிப்பு, அத்தனைக்கும் அது வளைந்து நிமிர வேண்டும்.

12 வருஷம் அந்த லீடில் ஒரு குறையும் இல்லை. 2021-ல் புதுப்பெட்டி வைத்தபோதும் பழைய லீடையே அதில் சொருகினார்கள். அதுவரைக்கும் முழு மார்க் போடுவேன்.

2024 ஆடியில் மொட்டை மாடிக் கொடியில் துணி காயப்போடும்போது, "கையைத் தூக்குனா கண்ணு இருட்டிட்டு வருதுடா" என்றார் அம்மா. பிரஷராக இருக்கும் என்று மாத்திரையை மாற்றிப் பார்த்தோம். கேட்கவில்லை. வேறொரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

அங்கிருந்த டெக்னீஷியன் தம்பி, "இடது கையை மேல தூக்குங்கம்மா" என்றார். அதுவரை திரையில் ஒழுங்காக ஓடிய துடிப்புக் கோட்டில் சடசடவென்று கிறுக்கல். அந்தக் கிறுக்கலை இதயத்தின் சொந்தத் துடிப்பு என்று நினைத்துப் பெட்டி சும்மா இருந்துவிடுகிறது. மூன்று விநாடி துடிப்பே இல்லை. கையை இறக்கச் சொன்னதும் கோடு திரும்பியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

லீடின் மின்தடை 2,500 ஓமுக்கு மேல் காட்டியது. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நசுங்கி நசுங்கி உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கிறது. தடை ஏறினால் கம்பி முறிவு, சட்டென்று இறங்கினால் மேலுறை கிழிசல் என்று அந்தத் தம்பி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். லீடுக்குள் இருக்கும் இரண்டு கம்பியில் முறிந்ததை விட்டுவிட்டு, பெட்டியின் உலோக உடம்பையே மறுமுனையாக வைத்து அன்றைக்கே செட்டிங்கை மாற்றினார். அடுத்த வாரம் புது லீட். பழையதன் முனையை மூடி உள்ளேயே விட்டார்கள். இத்தனை வருஷத்தில் ரத்தக் குழாயோடும் இதயத்தோடும் ஒட்டிப்போயிருக்கும், இழுத்தால் கிழியலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து பழைய செக்கப் சீட்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். லீடின் மின்தடை 520, 540, 790, 1,150 ஓம். கண்ணெதிரே ஏறியிருக்கிறது! வருஷா வருஷம் பணம் வாங்கிக்கொண்டு, "பேட்டரி நல்லா இருக்கு, போயிட்டு வாங்க" என்று அனுப்பிய இடத்துக்கு என்னால் ஒரு நட்சத்திரம்கூடத் தர முடியாது.

அவர்கள் முதலில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் பெட்டியின் நம்பர் இருக்கிறது, லீடின் மாடல் நம்பர் இல்லை. இது சின்ன விஷயம் இல்லை. 2007-ல் மெட்ரானிக் நிறுவனம் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் என்ற ஐசிடி (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) லீடை முறிவுப் பிரச்சினையால் விற்பனையிலிருந்து நிறுத்தியது. அதற்குள் உலகம் முழுக்க சுமார் 2,68,000 லீடுகள் பொருத்தியாகிவிட்டன. முறிந்த லீடால் தேவையில்லாமல் ஷாக் வாங்கியவர்கள் உண்டு. நம் உடம்பில் இருப்பது எந்த மாடல் என்றே தெரியாவிட்டால், இப்படி ஒரு அறிவிப்பு வந்தாலும் நமக்கு எப்படித் தெரியும்?

புது இடத்தில் லீட் நம்பர் போட்ட அட்டையைக் கேட்காமலே கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அம்மாவைக் கை தூக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். போன மாதம் 610 ஓம். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.